அப்பாவின் பழைய புல்லட்டை ஓட்டலாமா, கிளப்பில் சேரலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் 1974 மாடல் 350 புல்லட் 12 வருடமாக மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. அவர் காலமான பிறகு யாரும் தொடவில்லை. அதை எழுப்பி ஓட்டுவதா, பாலிஷ் போட்டு வீட்டில் அழகுக்கு நிறுத்துவதா? உங்கள் ஊரில் பழைய புல்லட்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்களாம், அதில் சேர்ந்தால் பிரயோஜனம் உண்டா?

ஓட்டுங்கள் தம்பி. வண்டி கெடுவது ஓடுவதால் அல்ல, நிற்பதால். ஓடுகிற இன்ஜினில் ஆயில் சிலிண்டர் சுவர் முழுக்கப் படலமாக ஒட்டியிருக்கும். வருடக்கணக்கில் நின்றால் அது வழிந்து இறங்கிவிடும், பிஸ்டன் ரிங் இருந்த இடத்திலேயே துருப்பிடித்துக்கொள்ளும். ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் ஒவ்வொரு மழைக்காலத்து ஈரக்காற்றும் உள்ளே போய் வந்திருக்கும். அதனால் அழகுக்கு நிறுத்தினால் பத்திரமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆனால் இதைப் படித்த கையோடு போய்க் கிக்கரை உதைக்கவும் வேண்டாம்.

முதலில் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பிஸ்டன் நகர்ந்தால் பாதி வேலை முடிந்தது. நகரவில்லை என்றால் மறுபடி ஆயில் விட்டுப் பொறுமையாக இருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். பலம் கொடுத்துத் தள்ளிப் பார்ப்பவர்கள் ரிங்கை உடைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது ஆயில். புல்லட்டுக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது. கிராங்க் கேஸுக்குள்ளேயே பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது, ஆயில் அங்கே நிற்கும். பம்ப் அதை எடுத்து மற்ற இடங்களுக்கு அனுப்பித் திரும்பவும் கொண்டுவந்து சேர்க்கும். நெடுநாள் நின்ற வண்டியில் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து, ஃப்ளைவீல் சுற்றுகிற அறைக்குள் இறங்கியிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் தெருவே வெள்ளைப் புகையாகும், ஆயிலும் கிடைத்த வழியில் வெளியே தள்ளும். அடியில் உள்ள இரண்டு நட்டையும் திறந்து முழுக்க வடியுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், புதிதாக 20டபிள்யூ50 ஆயில் இரண்டே கால் லிட்டர் அளவில் ஊற்றுங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். அங்கே ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியாவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். முதல் ஸ்டார்ட்டில் எல்லோரும் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப் போவார்கள். நீங்கள் அந்தப் போல்ட்டைப் பாருங்கள்.

பெட்ரோல் டேங்க்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் வெளியே எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை ஊறவைத்து உப்பச் செய்யும். பெட்ரோல் டியூபையும் வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்ப்ரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடின் இடைவெளியைச் சரிசெய்யும் டப்பட் இந்த வண்டியில் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒற்றை நட்டில் நிற்கும் சின்ன மூடிக்குள் இருக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, புஷ்ராடை விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதற்கு கேஜ் தேவையில்லை, விரல் போதும். பிளக்கில் பொறி விழும் கணத்தைத் தீர்மானிக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

டைமிங், அதாவது பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது பொறி விழ வேண்டும் என்பது பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிளப்பில் சேர்வதால் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

எங்கள் சங்கத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். டைமிங் வைக்க அவர் பையில் இருந்த கருவிகள் இரண்டே. ஒன்று பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. இன்னொன்று சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தாளில் ஒரு கீற்று. பிளக் ஓட்டை வழியே கம்பியை விட்டு, பின் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கம்பியின் அசைவிலேயே பிடிப்பார். இரண்டு புஷ்ராடும் தளர்வாக உருள்கிறதா என்று பார்த்து, அது கம்ப்ரஷன் உச்சிதான் என்று உறுதி செய்துகொள்வார். கம்பியில் அரத்தால் இழுத்த இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர். பிஸ்டனை அந்த அளவுக்குப் பின்னால் இறக்கிவிட்டு, பாயிண்ட் இடுக்கில் தாளைச் செருகி, நுனியைச் சும்மா இழுத்துப் பிடித்தபடி பாயிண்ட் தட்டைத் திருப்புவார். பாயிண்ட் திறக்கிற அந்தக் கணத்தில் தாள் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். "தாளை விடுற இடம்தான்டா நெருப்பு விழுற இடம்" என்பார். அந்த இடத்தில் ஸ்க்ரூவை இறுக்கினால் வேலை முடிந்தது.

அவர் ஒரு வண்டிக்கும் தானே டைமிங் வைத்துக் கொடுக்க மாட்டார். வண்டிக்காரன் கையில்தான் தாளைக் கொடுப்பார். முதல் தடவை தாள் கிழியும், இரண்டாவது தடவை இழுப்பு அதிகமாகிவிடும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். "நான் இருக்கிறப்பவே கத்துக்கங்க" என்பதை வருத்தமாக அல்ல, கண்டிப்பாகச் சொல்வார். இன்று அவர் இல்லை. அந்தத் தாள் வித்தை தெரிந்தவர்கள் சேலம், நாமக்கல், ஈரோடு என்று பரவிக் கிடக்கிறார்கள். 0.8 என்ற எண்ணை எந்தப் புத்தகத்திலும் எடுத்துவிடலாம். தாளை எவ்வளவு இழுப்பில் பிடிப்பது என்பதைப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால்தான் கற்க முடியும். பழைய வண்டிக்காரர்களுக்குச் சங்கம் தேவைப்படுவது இதற்காக.

ஸ்டார்ட் செய்யும் முறையை அப்பா செய்து பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் மேலே இருக்கிற ஆம்ப் மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் முள் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் கால் நின்றுபோகும், முள்ளும் நடுவுக்கு வரும். அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவரான டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தி, டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது ஒரே நீள உதை, கால் அடிவரை போக வேண்டும். பயந்துகொண்டு பாதியில் நிறுத்துகிற உதைதான் ஆபத்து. டைமிங் முன்னால் போயிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். செருப்புக் காலோடு ஒருநாளும் உதைக்காதீர்கள்.

ஓட்டுவதில் பெரிய விஷயம் கால் பழக்கம். உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய பைக் ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். வாகனம் இல்லாத மைதானத்தில் உடம்பு தானாகச் செய்யும் வரை ஓட்டிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள். கியர் லீவருக்குப் பக்கத்திலேயே குதிகாலால் அழுத்தும் சின்ன லீவர் ஒன்று இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் அதை அழுத்தினால் நேராக நியூட்ரல் விழும். சிக்னலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல். இந்த இன்ஜினுக்கு அவசரம் ஒத்துவராது. அறுபதில் வைத்தால் நாள் முழுக்கப் போகும். நூறு போகுமா என்று பார்க்கிறவர்களுக்கு அடுத்த வாரம் லேத்தில் வேலை இருக்கும்.

இந்த வண்டியின் ஊர் நம் ஊர்தான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் அங்கிருந்து பாகங்களை இறக்கிக் கோர்த்தார்கள், பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன, எல்லாமே இங்கே வார்க்கப்பட்டன. 1970 வாக்கில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தி நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவே இல்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. ரெட்டிச்சில் பிறந்த புல்லட்டை வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் இன்றும் பல பாகங்களுக்குச் சென்னைச் சரக்கைத்தான் தேடுகிறார்கள். அங்கே பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான சங்கம் 1946-லேயே, போர் முடிந்த மறு வருடமே, சர்ரேயில் ஹாக்ஸ் பேக் என்ற மலைமுகட்டில் கூடித் தொடங்கப்பட்டது. ரேஷன் பெட்ரோல் காலத்தில் பழைய இரும்பை ஓட்டுவதற்காகக் கூடியவர்கள் அவர்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் சங்கத்துக்குப் பெரிய பெயரோ அலுவலகமோ கிடையாது. ஞாயிறு விடியலில் ஒரு டீக்கடை, அவ்வளவுதான். போலீஸ்காரர், நெல் வியாபாரி, கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள், வாத்தியார் ஒருவர். வெளியூர் கிளம்பினால் சில ஒழுங்குகள் உண்டு. எல்லாவற்றிலும் மெதுவான வண்டி முன்வரிசையில், வழிகாட்டி வண்டிக்கு அடுத்து போகும். கருவிப்பெட்டி வைத்திருப்பவர் கடைசியில் வருவார். ஒவ்வொருவரும் தன் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. திருப்பம் வந்தால், பின்னால் வருபவர் தன்னைப் பார்க்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஒரு வண்டி நின்றால் எல்லாம் நிற்கும்.

அப்படித்தான் ஒருமுறை கொல்லிமலையில் நின்றோம். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் வண்டி பாதி மலையில் அணைந்தது. கால் மணி நேரம் நின்றால் ஸ்டார்ட் ஆகும், நாலைந்து வளைவு ஏறும், மறுபடி அணையும். பெட்ரோல் அடைப்பு என்றார் ஒருவர், பிளக் என்றார் இன்னொருவர். வாத்தியார் மட்டும் பாயிண்ட் மூடியைத் திறந்து, கிக்கரைக் கையால் அழுத்தச் சொல்லி, பாயிண்டில் விழும் பொறியைப் பார்த்தார். மஞ்சளாக, பெரிதாகத் தெறித்தது. கண்டென்சர். பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை அது. சூடேறினால் செத்து, ஆறினால் உயிர் வருவது அதன் குணம். என் பையில் ஒன்று இருந்தது. சூட்டிலிருந்து தள்ளி, வெளியே ஒயர் இழுத்துக் கட்டினோம். மலை ஏறி, சாப்பிட்டு, இறங்கி, வீடு வரைக்கும் அது நிற்கவில்லை. அந்தப் பையன் இப்போது சேலத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாகக் கண்டென்சரைத்தான் எடுக்கிறான். நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள். பிளக், பாயிண்ட், செயின் லாக், டியூப் இவற்றோடு ஒரு கிளட்ச் கேபிளும் வேண்டும். அந்தக் கேபிளைப் பையில் வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி இழுத்து விடுங்கள். அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. அந்த நெல் வியாபாரி திடீரென்று இறந்துபோனார். அவர் வீட்டில் வண்டியை விற்கும் மனநிலையும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. சங்கத்தில் முறை வைத்துக்கொண்டு மாதம் ஒருவர் போய் அந்த வண்டியை எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டி, துடைத்து விட்டுவிட்டு வந்தோம். போகிற ஒவ்வொருவருக்கும் அந்த அம்மா காபி கொடுத்து, "இன்னைக்குச் சத்தம் எப்படி இருக்குப்பா?" என்று கேட்பார். கல்லூரி முடித்து வந்த மகள் ஒருநாள், "மாமா, எனக்கே கத்துக்கொடுங்க, நானே ஓட்டுறேன்" என்றாள். வலது கால் கியரை நெல் மண்டிக்குப் பின்னால் இருந்த களத்தில் கற்றாள். இப்போது அந்த வண்டிக்கு எங்கள் முறை தேவையில்லை. 12 வருடம் நிற்காமல் இருக்க உங்கள் அப்பாவின் வண்டிக்கும் இப்படி நாலு பேர் இருந்திருக்கலாம் என்று கேள்வியைப் படித்தபோது தோன்றியது.

எல்லாக் கூட்டத்திலும் சேர்ந்துவிட வேண்டாம். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை உருவிவிட்டு ஊரை எழுப்பிக்கொண்டு போகிறவர்களும் சங்கம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு, இன்ஜினுக்கும் கேடு. புகைவழி தேவைக்கு மேல் திறந்துவிட்டால் பெட்ரோல் கலவை வறண்டு எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ஒரு ஞாயிறு சும்மா போய் நில்லுங்கள். யாருடைய கையில் கிரீஸ் இருக்கிறது, புதிதாக வந்தவனிடம் யார் பேசுகிறார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும்.

காகித வேலை. ஆர்சி இன்னும் அப்பா பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் பெயர் மாற்றுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்ட வேண்டும். 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. உங்கள் வண்டி வயதால் அதற்குத் தகுதி பெறும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. ஓட்ட ஆசை என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். பெயின்ட் அடிக்கிறவர் அந்த நம்பர்களின் மேல் பட்டி பூசிவிடாமல் கூடவே நில்லுங்கள்.

பெயின்ட் என்றதும் ஒன்று. டேங்க்கில் தங்கக் கோடு இன்னும் தெரிந்தால் தயவுசெய்து அழித்துப் புதிதாக அடிக்காதீர்கள். சென்னைத் தொழிற்சாலையில் அப்போது அந்தக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டவில்லை, தூரிகை பிடித்து ஒரே இழுப்பில் கையால் போட்டார்கள். சுரண்டினால் போனது போனதுதான். மங்கிய பெயின்ட்டை மெழுகு போட்டுத் துடைத்தாலே பார்க்கக் கண்ணியமாக இருக்கும். பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் கடைக்குப் போகும்முன் சங்கத்தில் கேளுங்கள், யாராவது ஒருவர் பரணில் பழைய அசல் பாகம் இருக்கும். அசலாக வந்த எதையும் பழுதானாலும் தூக்கிப் போடாமல் டப்பாவில் போட்டு வையுங்கள்.

அடுத்து செய்ய வேண்டியது பிளக்கைக் கழற்றி ஆயில் விடுவது. பின் சக்கரம் சுற்றுகிறதா இல்லையா என்பதையும், பேட்டரி 6 வோல்ட்டா, இடையில் யாராவது 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்களா என்பதையும் பார்த்து எழுதுங்கள். ஒயரிங் எப்படிச் செய்வது என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.